ஐந்து தலைமுறைக்கு 24,500 ரூபாய்: வேர் தேடித் தரும் சேவையும் ஒரு பித்தளை அண்டாவும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வரி உட்பட 24,500 ரூபாய் கொடுத்தேன். அதற்கு அவர்கள் தருவதாகச் சொன்னது ஐந்து தலைமுறை வம்சாவளி, அதற்கு ஆதாரமான பழைய ஆவணங்களின் நகல், கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்ப மரப் படம் ஒன்று, எல்லாம் மூன்று மாதத்தில். நான்கரை மாதம் ஆனது. அது பரவாயில்லை, பழைய காகிதத்தை அரசு அலுவலகத்திலிருந்து வெளியே எடுப்பது என்ன பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் வந்து சேர்ந்த பார்சலில் பாதிதான் உருப்படி, மீதிப் பாதிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேனே என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. சண்டை போட நேரமில்லை, அதோடு இந்தத் தொழிலுக்கு இப்போது நாலைந்து பேர் கிளம்பியிருக்கிறார்கள், யாரிடம் போனாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்.

எங்கள் ஊர் போளூர் பக்கம். இன்று திருவண்ணாமலை மாவட்டம், நான் பிறந்தபோது வட ஆற்காடு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போது எல்லோரையும் போல நானும் 2002, 2005 பட்டியல்களைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் என்று துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரிய அத்தை, 84 வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம், "அப்படியே நேட்டால் தாத்தா பேரு இருக்குதா பாருடா" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நேட்டால் தாத்தா என்பவர் என் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன். அவரைப் பற்றி வீட்டில் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது வடக்கயிறு அறுந்து காலில் பெரிய காயம் பட்டது, கொஞ்ச நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார், திரும்பி வரவில்லை. எந்தக் கால் என்று கேட்டால் வலது கால் என்று அத்தை அடித்துச் சொல்வார். இத்தனைக்கும் அத்தைக்கு அதைச் சொன்ன பாட்டியே அந்த மனுஷனைப் பார்த்ததில்லை.

இணையத்தில் தேடியபோது இந்தக் கம்பெனி விளம்பரம் வந்தது. போனில் பேசிய பெண் ரொம்பப் பொறுமை. கொள்ளுத் தாத்தா பெயர் தெரியுமா, ஊர் தெரியுமா, வீட்டில் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா, அது போதும் சார், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வெளிநாட்டுக்குப் போனவரைத் தேடுவது தனிப் பேக்கேஜ், இன்னும் 15,000 ஆகும் என்றார். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். கம்பெனி சார்பில் எங்கள் ஊருக்கு ஒருவர் வந்தார். வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு துணிப்பை, அதில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நூறு பக்க நோட்டு. நான் பீரோவைத் திறந்து லேமினேட் செய்த பட்டாவை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "பீரோ வேணாம் தம்பி, டிரங்குப் பெட்டி இருந்தா திறங்க" என்றார்.

பெட்டியில் இருந்தது 1938இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரம். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. நான் பலமுறை பிரித்துப் பார்த்து ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் மூடி வைத்ததுதான். அவர் திண்ணை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டு ஓடும் அந்தப் பத்திர எழுத்தர் கையெழுத்தை, மூச்சு விடாமல், ஏதோ நேற்று அவரே எழுதியது போலப் படித்தார். இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர் இன்னாருக்கு என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த "காலஞ்சென்ற இன்னார்" என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. 88 வருஷமாக எங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அடுத்து நான்கெல்லை படித்தார். இன்னார் நிலத்துக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு மேற்கு என்று வருமே, அதை நாமெல்லாம் வேலி தகராறு வந்தால்தான் பார்ப்போம். அவர் சொன்னார், பாகப்பிரிவினையில் வந்த நிலமாக இருந்தால் எல்லையில் வரும் பெயர்களில் பங்காளிகள் இருப்பார்கள், அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட நிலம் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கும், அதனால் எல்லைக்காரர் பெயரை எழுதி வைத்தாலே பாதிக் குடும்பம் வந்துவிடும் என்று. எங்களுடையது விலைக்கு வாங்கிய நிலம் என்பதால் எல்லையில் இருந்தவர்கள் விற்றவருடைய சொந்தக்காரர்கள். அந்த ஒரு ஏக்கர் சொச்சத்துக்கு முன்னால் எங்களுக்கு நிலமே இருந்ததில்லை என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

பெட்டி அடியில் கிஸ்தி, அதாவது நிலவரி, ரசீதுகள் கொஞ்சம் இருந்தன. பசலி 1348 என்று போட்டிருந்ததை நான் ஏதோ ரசீது எண் என்று நினைத்திருந்தேன். பசலி என்பது வருவாய்த் துறைக் கணக்கு வருஷம், அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஆனால் ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூன் வரை, ஆகவே இது 1938-39, கிரயம் ஆன கையோடு நம் ஆள் வரி கட்டியிருக்கிறார் என்றார். அப்புறம் எங்கள் மாவட்டக் கதை. வட ஆற்காட்டுக்கு 1911 வரை தலைநகர் சித்தூர், அந்த வருஷம் சித்தூர் தனி மாவட்டமானதும் வேலூர், 1989இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு எங்களுக்குத் திருவண்ணாமலை. எந்த வருஷத்துக் காகிதம் வேண்டும் என்று தெரியாமல் எந்த அலுவலகத்துக்கும் பஸ் ஏறாதீர்கள் என்றார். வில்லங்கச் சான்று எங்கள் சார்பதிவகத்துக்கு ஆன்லைனில் 1975க்குப் பிறகுதான் வருகிறது, அதற்கு முன்னால் வேண்டும் என்றால் நேரில் மனு எழுதிக் கொடுத்து, பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று என்று இரண்டு தனித் தொகுதிகளைப் புரட்ட வைக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865 வாக்கில் தொடங்கியது, ஆக விற்றவர் வாங்கியவர் யாராவது வம்சத்தில் இருந்தால் நூற்றைம்பது வருஷம் பின்னால் போகலாம்.

யாராவது இருந்தால். அதுதான் விஷயமே. நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டில் எங்கள் ஆள் இல்லை என்று நான் முகத்தைத் தொங்கப் போட்டபோது அவர் சொன்னது இது: "யூடிஆருக்கு முந்தி எஸ்எல்ஆர், அதுக்கு முந்தி ரீசெட்டில்மென்ட் ரிஜிஸ்டர், எல்லாத்துலயும் வரி கட்டுனவன் பேருதான் தம்பி இருக்கும். உழுதவன் பேரு இருக்காது." மூன்றும் வெவ்வேறு காலத்து நிலப் பதிவேடுகள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்று கேட்டேன். எண்ணிக்கை இருக்கும், வீட்டு வாரியாகப் பெயர் எழுதிய தாள்களை இங்கே சேர்த்து வைப்பதில்லை என்றார். பிறப்பு இறப்புப் பதிவு? 1899இலேயே சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்துவிட்டது, கிராம முன்சீப் எழுதி அனுப்ப வேண்டும், ஆனால் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு போய்விடுவதால் பல இடங்களில் "ஆண் குழந்தை, தகப்பனார் இன்னார்" என்று மட்டும்தான் இருக்கும். எங்கள் பக்கத்துப் பதிவேட்டைத் தேடிப் போன அலுவலகத்தில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தது கறையான் தின்று மீந்த அட்டை. தொட்டால் மாவு. 1980இல் ஊர்க் கணக்கும் வரியும் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை எடுத்தார்கள் அல்லவா, அப்போது எந்தக் கணக்கு ஒப்படைக்கப்பட்டது, எது யார் வீட்டுப் பரணில் தங்கியது என்பது ஊருக்கு ஊர் வேறு என்றார்.

இவருக்கு மட்டும் மதிப்பெண் என்றால் பத்துக்குப் பத்து. இதற்கு மேல் எழுதுவதெல்லாம் புலம்பல்தான்.

பார்சல் வந்தது. தேக்கு நிறச் சட்டம், நடுவில் ஆலமரம், விழுதுக்கு ஒரு பெயர். அழகாகத்தான் இருந்தது, அம்மா உடனே ஆணி எங்கே என்று கேட்டார். நான் தாத்தா வரைக்கும் சரி பார்த்துக்கொண்டு மேலே போனேன். கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா என்று வேறு யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயருக்குக் கீழே "7 ஏக்கர் நஞ்சை பட்டாதாரர்" என்று தங்க எழுத்து. பத்திரத்தில் இருந்த "காலஞ்சென்ற இன்னார்" எங்கே போனார்? கூட வந்த 40 பக்க அறிக்கையை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். 31ஆம் பக்கத்தில், ஸ்கேன் செய்து ஒட்டிய நோட்டுத் தாளில், நம்முடைய ஓய்வுபெற்ற பெரியவர் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: பெயர் ஒன்றுதான், தந்தை பெயர் பொருந்தவில்லை, அதே நபர் என்று சொல்வதற்கில்லை. அதாவது வேலை தெரிந்தவர் இது நம் ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், ஏசி அறையில் மரம் வரைந்தவர் அதைப் படிக்காமல், பெயர் ஒத்துப்போன யாரோ ஒரு பண்ணைக்காரரை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

நம் ஊர்ப் பெயர்களில் இந்தத் தப்பு எவ்வளவு சுலபம் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரனுக்குத் தாத்தா பெயர். முனுசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முனுசாமி, அவர் மகன் மறுபடி கோவிந்தசாமி. ஒரே தெருவில் இரண்டு பங்காளி வீட்டிலும் இதே வரிசை ஓடும். அதனால் ஒரு பெயர் ஒத்துப்போனால் அது ஒன்றுமே இல்லை. அப்பா பெயர், ஊர், வருஷம், மூன்றும் சேர்ந்து ஒத்துவர வேண்டும். குடும்ப மரம் வரையும் மென்பொருள்களில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் இவர்கள் இனிஷியலைப் போட்டு நிரப்பியதில் என் தாத்தாவும் அவருடைய சொந்தத் தம்பியும் ஒரு குடும்பம், என் அப்பா வேறு குடும்பம் என்று ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஒன்றும் வெடித்துவிடாது.

இதைவிடக் கொடுமை "வம்ச வரலாறு" என்ற ஆறு பக்கம். உங்கள் முன்னோர் படவேட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராயர்களின் படையில் தளபதிகளாக விளங்கினர் என்று தொடங்குகிறது. படவேடு எங்களுக்குப் பக்கம்தான், ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளிக்குப் போய் வருகிறவர்கள்தான் நாங்கள். ஆனால் சம்புவராயர் காலம் 14ஆம் நூற்றாண்டு. 1938க்கு முன்னால் ஒரு ஏக்கர்கூட இல்லாத குடும்பத்தை அங்கிருந்து அறுநூறு வருஷம் பின்னால் தூக்கிப் போய்க் குதிரை மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். போன் போட்டு இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். அந்தப் பொறுமையான பெண் இல்லை, வேறொருவர். "சார், அந்த ஏரியாவுக்கு அதுதான் வரும்" என்றார். பின்கோடு அடித்தால் தளபதி வருகிறார் போல.

சரி, அண்டாவுக்கு வருகிறேன். வீட்டில் இருக்கும் பழைய பொருட்களின் படங்களை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அண்டா ஒன்று, பித்தளை, கரி பிடித்து அட்டைக் கருப்பாக இருந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்ததும் கழுத்தோரம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. கொள்ளுப் பாட்டி பெயர், முன்னால் அவருடைய அப்பாவின் இனிஷியல், ஆரணிப் பக்கம் ஒரு ஊர்ப் பெயர், "விரோதிகிருது வருஷம் தை மாதம்". கல்யாணச் சீர். எந்தப் பதிவேட்டிலும், எந்தப் பத்திரத்திலும், மரத்தின் எந்த விழுதிலும் இல்லாத மனுஷி, வெந்நீர் அண்டாவில் இருந்தார். படம் எடுத்து அனுப்பினேன். அறிக்கையில் "திருமணம்: 1971" என்று போட்டிருக்கிறார்கள். 1971இல் என் அப்பா பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார், கொள்ளுப் பாட்டி செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் சுற்றி வரும் என்பது காலண்டர் கிழிக்கும் எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். விரோதிகிருது என்றால் 1971-72, அல்லது 1911-12. தை மாதம் என்றால் 1912 ஜனவரி பிப்ரவரி. இதைக்கூடக் கணக்குப் போடாத ஆள் எப்படிப் பழைய ஆவணத்தில் தேதி கண்டுபிடிப்பார்?

அத்தை கல்யாணத்து மொய் நோட்டையும் கொடுத்தேன். 1961. ஊர் ஊராக, பங்காளி தனி, மாமன் மச்சான் தனி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், யாரோ ஒருவர் தாராளமாக ஐந்து. எந்தெந்த ஊரில் நமக்குச் சொந்தம் இருந்தது என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் உலகத்தில் இல்லை, அன்றைக்கு இருந்த உறவு முறைப்படி வரிசையாக எழுதியிருக்கிறது. "இது ஆவணம் இல்லை சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்புவராயர் மட்டும் ஆவணமாம்.

நேட்டால் தாத்தாவை நானே தேடினேன். 15,000 மிச்சம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1860 முதல் 1911 வரை 152,184 பேர். முதல் கப்பல் ட்ரூரோ, நம் சென்னையிலிருந்துதான் கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், அதில் எங்கள் வட ஆற்காட்டு ஆட்கள் நிறைய. இவர்கள் ஒவ்வொருவரையும் கப்பல் வாரியாக எழுதி வைத்த பதிவுகள் பிழைத்திருக்கின்றன, டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது. ஆளுக்கு ஓர் எண். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூடத் தனித்தனி வரி, தனித்தனி எண். நூறு ஆணுக்கு நாற்பது பெண் போக வேண்டும் என்று விதி இருந்ததால் பெண்கள் கணிசம். ஊரில் உழுதுகொண்டிருந்த தம்பியைப் பற்றி அரசாங்கத்திடம் ஒரு வரி கிடையாது, 1938இல் நிலம் வாங்கி வரி கட்டிய பிறகுதான் அவர் மனுஷர். கப்பல் ஏறிப் போன அண்ணனுக்குத் தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். தொலைந்து போனால் பிடித்துக்கொண்டு வர வேண்டுமே, அதற்காகத்தான். மாடு வாங்கும்போது சுழி பார்த்து எழுதிக்கொள்வது மாதிரி.

தேடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெயரை வைத்துத் தேடினால் கண் பூத்துப் போகும். குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியது. இன்றும் டர்பனில் முதலியார் மூட்லி, கவுண்டர் கோவெண்டர், படையாச்சிக்கு வாலில் இரண்டு ஈ. அதனால் ஜில்லா, தாலுகா பிடித்துக்கொண்டு கிராமத்தை வாயால் சொல்லிப் பார்த்துத் தேட வேண்டும். எங்கள் ஊரின் "பாளையம்" ஒரு கப்பலில் போலியம், இன்னொரு கப்பலில் பல்லம். இரண்டு ராத்திரி ஆனது. 1903இல் உம்லாசி என்ற நீராவிக் கப்பலில் போன ஒருவர், வயது 22. அப்பா பெயர் என்ற இடத்தில், எழுத்து கொஞ்சம் கோணலாக, 1938 பத்திரத்தில் இருந்த அதே "காலஞ்சென்ற இன்னார்". ஊர் எங்கள் ஊர். அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு.

அத்தைக்கு அன்று ராத்திரியே போன் போட்டேன். தழும்பு என்றதும் "பாத்தியா" என்றார், இடது என்றதும் "அவன் தப்பா எழுதியிருக்கான்" என்றார். சாதி என்ற பத்தியில் எழுதியிருந்ததற்கும் சம்புவராயர் தளபதிக்கும் ஒரு ஒட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்தபோது ஏனோ எனக்கு ஒரு நிம்மதி, நம்ம ஆள்தான் என்று.

அந்த எண்தான் இனிமேல் எல்லாவற்றுக்கும் சாவி என்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்த சீட்டு, கல்யாணப் பதிவு, வரி எல்லாவற்றிலும் அந்த எண் கூடவே போகும். 1895இல் போட்ட சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் தலைக்கு வருஷம் மூன்று பவுண்டு கட்ட வேண்டும், 1914இல்தான் அதை எடுத்தார்கள். திரும்ப வர இலவசக் கப்பல் உண்டு. இவர் வரவில்லை. அங்கே இறந்தவர்களுடைய சொத்துக் கோப்புகளுக்கு ஆவணக் காப்பக அட்டவணை ஒன்று ஆன்லைனில் இருக்கிறது, கோப்பு கிடைத்தால் அதில் பெற்றோர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும். அதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

மார்மன் சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் தளத்தைப் பற்றி நாலு பேர் கேட்பீர்கள். இலவசம், தாராளமாகப் பாருங்கள், கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் உண்டு. ஹரித்வாரில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் யாத்திரை வந்தவர்களின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த ஏடுகள்கூட இருக்கின்றன. எங்கள் தாத்தா ஞானஸ்நானமும் வாங்கவில்லை, கங்கைக்கும் போகவில்லை.

பணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் என் யோசனை இது. மரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த ஆளை ஒரு நாள் அனுப்ப எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று எழுதித் தருவார்களா, கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதுவார்களா என்று கேளுங்கள். இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். என் மரத்தைத் திருத்தித் தரச் சொன்னதற்கு, சட்டம் போட்ட பிறகு திருத்தினால் 3,000 ரூபாய் தனி என்றார்கள். கொடுக்கவில்லை. அது இப்போது அரிசி மூட்டைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது, ஆணி அடித்த இடத்தில் அம்மா காலண்டர் மாட்டிவிட்டார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் துணிப்பையோடு வந்த அந்தப் பெரியவருக்கு. நேற்றுகூட வாட்ஸ்அப் வந்தது, மனைவி வழி வம்சாவளிக்கு 10 சதவீதம் தள்ளுபடி, இந்த மாதம் மட்டும். அவளிடம் காட்டினேன். "எங்க அம்மா வீட்டுப் பரண்ல நாலு அண்டா கெடக்குது, மொதல்ல புளி வாங்கிட்டு வாங்க" என்றாள்.